தோட்ட வீதி யாருடைய பொறுப்பு?

ஹட்டன், தலவாக்கலை பகுதித் தோட்டங்களிலிருந்து சட்ட ஆலோசனை கேட்டு என்னிடம் வருவோர், காணிக்கு அடுத்தபடியாக அதிகம் எடுத்து வரும் முறைப்பாடு வீதி பற்றியதே. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளையும் மதகுகளையும் அடித்துச் சென்ற பின்னர் அது இன்னும் பெருகியிருக்கிறது. அண்மையில் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவைச் சேர்ந்த சிலர் மூன்று பதில் கடிதங்கள் கொண்ட கோப்பொன்றை என் மேசையில் வைத்தார்கள். இது தோட்டத்துக்குரிய வீதி என்று பிரதேச சபை எழுதியிருந்தது. கொழுந்து லொறி போகும் அளவுக்குப் பராமரிப்பதே தமது பொறுப்பு என்று தோட்ட நிர்வாகம் எழுதியிருந்தது. தமது பட்டியலில் அவ்வீதி இல்லை என்று மாகாண அலுவலகம் எழுதியிருந்தது. உடைந்த மதகுக்கு அப்பால் முச்சக்கரவண்டி வர மறுப்பதால், பிரசவ வலி கண்ட பெண்ணைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்ததாக அவர்களில் ஒருவர் சொன்னார்.

இந்த இழுபறிக்கு வழிவிடுவது வீதிகளின் சட்ட வகைப்பாடு. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாணத்திடமும், ஏனைய சிறு வீதிகள் உள்ளூராட்சி மன்றங்களிடமும் உள்ளன. தோட்ட வீதியோ, 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போன காணிக்குள் கிடக்கிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று பல ஆண்டுகள் கைவிரித்தார்கள். 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. மலையகம் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற உரிமை அது. எனினும் தடை நீங்கியதால் மட்டும் வீதி சபையின் பொறுப்பாகிவிடாது. சபை தீர்மானம் எடுத்து, வீதியைப் பொறுப்பேற்று, வரவு செலவுத் திட்டத்தில் பணமும் ஒதுக்க வேண்டும். அரசியல் புகுந்து விளையாடுவது இந்த இடைவெளியில்தான். தேர்தல் நெருங்கும்போது சிறு துண்டுக்குக் கொங்கிரீட் போட்டுப் பெயர்ப்பலகை நட்டுவிட்டுப் போகிறார்கள். வீதியின் பொறுப்பு ஏட்டில் மாறுவதே இல்லை.

மாகாண வீதிகளின் நிலைமை இதைவிடக் கவலைக்குரியது. பெண்களின் பிரதிநிதித்துவத்தை உயர்த்துவதற்கென 2017இல் வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலத்தில், குழுநிலை விவாதத்தின்போது, அதாவது சட்டமூலத்தைப் பாராளுமன்றம் பிரிவு பிரிவாக ஆராய்ந்து திருத்தும் கட்டத்தில், புதிய தேர்தல் முறையும் எல்லை நிர்ணயமும் நுழைக்கப்பட்டன. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டதால், புதிய முறையில் தேர்தல் நடத்த வழியில்லாமல் போயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் மத்திய மாகாண சபையின் பதவிக்காலமும் முடிந்தது. அதன் பின்னர் நமது சி, டி தர வீதிகளைப் பற்றிக் கேள்வி கேட்க மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் இல்லாமல், நிர்வாகம் ஆளுநரிடம் சென்றது.

அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. கட்டணம் அறவிடவும் பராமரிக்கவும் 2008ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கத் தேசிய பெருந்தெருக்கள் சட்டம் வழிசெய்கிறது. மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் மீரிகம – குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டபோது, வீதி யாருடையது என்று எவரும் கேட்க நேரவில்லை. அத்தகைய தெளிவைத் தோட்ட வீதிக்கும் கேட்பது நியாயமே.

நம் நாட்டில் சபாநாயகர் சான்றுரைத்த சட்டத்தை நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்த முடியாது. ஆகவே வீதி, போக்குவரத்து தொடர்பான சட்டமூலம் வர்த்தமானியில் வந்தவுடனேயே அதைப் படித்து, ஆட்சேபனை இருந்தால் குறித்த காலத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். குழுநிலையில் சேர்க்கப்படுபவற்றையும் கவனிக்க வேண்டும்.

அந்த மேற்பிரிவினருக்காக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச சபைக்கு விண்ணப்பம் தயாரித்தோம். வீதி சபையின் பதிவேட்டில் உள்ளதா, பொறுப்பேற்கத் தீர்மானம் எடுக்கப்பட்டதா, தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் கோரப்பட்டதா என்று கேட்டிருக்கிறோம். தகவலைத் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்தாக வேண்டும்.