முகமும் பெயரும் முடிச்சுப் போடும் இடம்

புதிதாக அறிமுகமாகும் ஒருவர் தன் பெயரைச் சொல்கிறார். முகம் கண் வழியாக வருகிறது, பெயர் காது வழியாக. மூளைக்குள் இரண்டுக்கும் தனித்தனிப் பாதைகள். ஆனாலும் அடுத்த வாரம் அந்த முகத்தைப் பார்த்ததும் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிடுகிறது. நடுவில் முடிச்சுப் போட்டது யார்?

அதில் பெரும்பங்கு ஹிப்போகாம்பஸுக்கு. காதுக்கு உட்புறமாக, மூளையின் இரு பக்கமும், கடல்குதிரை போல வளைந்து கிடக்கும் சிறு பகுதி அது. 1953இல் கடும் வலிப்பைக் குறைக்க ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கருக்கு இருபக்கமும் அதில் பெரும் பகுதியை அறுவை செய்து எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது, சிறுவயது நினைவுகளும் தங்கின. ஆனால் அவரை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, ஹிப்போகாம்பஸ் அப்படி என்ன செய்கிறது? ஒரு நினைவு ஏராளமான செல்களில் பரவியிருக்கும். புரிவதற்காக ஒரே ஒரு நியூரானை, அதாவது நரம்புச் செல்லை, கிட்டப்போய்ப் பார்ப்போம்.

இன்னொரு நியூரான் அதனுடன் சேரும் இடத்தில், அதாவது சினாப்ஸில், சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. செய்தி வந்ததும் அந்த இடைவெளியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கொட்டும். எதிர்க்கரையில் அதை வாங்கிக்கொள்ள இரண்டு வகைக் கதவுகள், அதாவது ஏற்பிகள். ஆம்பா ஏற்பி உடனே திறந்து சோடியத்தை உள்ளே விடும். என்எம்டிஏ ஏற்பி அப்படியில்லை. குளுட்டமேட் வந்து ஒட்டினாலும் அதன் துளையில் ஒரு மெக்னீசியம் அயனி தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். செல்லுக்குள் மின்னழுத்தம் நன்றாக ஏறினால்தான் தக்கை வெளியே தள்ளப்படும்.

முகத்தின் செய்தி மட்டும் மெலிதாக வந்தால் தக்கை அசையாது. அதே கணத்தில் பெயரின் செய்தியும் வந்து சேர்ந்தால் அழுத்தம் ஏறி, வழி திறந்து, கால்சியம் உள்ளே பாயும். இரண்டும் ஒன்றாக நடந்தன என்பதை ஒரே ஒரு மூலக்கூறு கண்டுகொள்கிறது! உயிரியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் படித்ததில்லை.

அப்புறம் நடப்பது கால்சியத்தின் வேலை. அது நொதிகளை எழுப்ப, கூடுதல் ஆம்பா ஏற்பிகள் சினாப்ஸுக்கு வந்து சேரும். அடுத்த முறை அதே அளவு குளுட்டமேட்டுக்குச் செல் பலமாகப் பதில் தரும். 1973இல் டிம் பிளிஸும் டெர்யே லோமோவும் இந்த வலுவேற்றத்தை முயல்களிடம் காட்டினார்கள். ஹிப்போகாம்பஸுக்குள் போகும் நரம்பிழைகளை வேகமான மின்துடிப்புகளால் சில தடவை தூண்டியதற்கு, பல மணி நேரம் பதில் கூடுதலாகவே இருந்தது. அதற்கும் மேல் நீடிக்க, செல் புதுப் புரதங்களைத் தயாரிக்க வேண்டும்.

இதற்கும் நினைவுக்கும் தொடர்பு உண்டா? 1986இல் ரிச்சர்ட் மாரிஸ் குழுவினர் எலிகளின் மூளையில் என்எம்டிஏ ஏற்பியை மருந்தால் அடைத்துக் கலங்கிய நீரில் நீந்தவிட்டார்கள். நீந்துவதில் பெரிய சிக்கல் இல்லை. நீருக்கடியில் மறைந்திருந்த மேடை எங்கே என்பதைக் கற்பதில்தான் திணறின.

வலுவேறிக்கொண்டே போனால் எல்லா இணைப்புகளும் உச்சத்தில் நின்றுவிடும், புதிதாக எதையும் எழுத இடமிருக்காது. அதனால் எதிர்த்திசையும் உண்டு. நொடிக்கு ஒரு துடிப்பு என்று 15 நிமிடம் மெதுவாகத் தூண்டினால், அதே கதவு வழியே கால்சியம் கொஞ்சமாகக் கசியும். அந்தக் கொஞ்சம் வேறு நொதிகளை எழுப்பி, ஆம்பா ஏற்பிகளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.