கடிதத்தைப் பிரிக்காமலே தடுக்கலாம்

1908இல் பாரதியாரின் ‘இந்தியா’ பத்திரிகை சென்னையை விட்டுப் புதுச்சேரிக்கு வந்தது. பிரெஞ்சு மண்ணில் இருந்த அச்சகத்தில் பிரிட்டிஷ் போலீஸ் கைவைக்க முடியாது. அதனால் வழியை அடைத்தார்கள்: பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் நுழையத் தடை. 1910இல் இதழ் நின்றுபோனது. இன்று இணையத் தளங்களை அடைக்க ஈரானும் சீனாவும் ரஷ்யாவும் செய்வது இதைத்தான். தளத்தின் சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது. அது உள்ளே வரும் பாதை மட்டும் அவர்கள் கையில்.

ஒரு செய்தித் தளத்தைத் திறக்கும்போது போன் முதலில் அதன் பெயரைச் சொல்லி, இணையத்தில் அதன் முகவரியான ஐபி எண்ணைக் கேட்கும். இதுதான் டிஎன்எஸ். வழக்கமாக இந்தக் கேள்வி 53ஆம் போர்ட்டில் (போர்ட் என்பது எண்ணிட்ட வாசல்) அஞ்சலட்டை போலத் திறந்தபடி போகிறது. இடையில் இருப்பவர் படிக்கலாம், பொய்ப் பதிலும் தரலாம். ஈரானில் தடைசெய்த தளங்களைக் கேட்டால் 10.10.34.34 என்று பதில் வருவது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ‘10.’ என்று தொடங்கும் எண்கள் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் உரியவை. பொதுத்தளம் ஒன்றுக்கு அப்படிப் பதில் வந்தாலே அது பொய். பிரவுசரில் ‘செக்யூர் டிஎன்எஸ்’ வசதியை இயக்கினால் கேள்வி பூட்டப்பட்டு, 443ஆம் போர்ட்டில் மற்ற போக்குவரத்தோடு கலந்து போகும்.

அடுத்த வழி, ஐபி எண்ணையே மூடுவது. இது முரட்டு வேலை. ஒரே எண்ணில் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கலாம். 2018 ஏப்ரலில் டெலிகிராமை அடைக்கப் போன ரஷ்யா, அமேசான், கூகுள் நிறுவனங்களின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எண்களை மூடியது. சம்பந்தமே இல்லாத சேவைகள் படுத்தன. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. 2020 ஜூனில் தடையை விலக்கிக்கொண்டார்கள்.

நுட்பமான வேலை மூன்றாவது. எச்டிடிபிஎஸ் இணைப்பில் உள்ளடக்கம் பூட்டியிருக்கும். ஆனால் இணைப்பு தொடங்கும்போது போன் அனுப்பும் முதல் செய்தியில் தளத்தின் பெயர் பூட்டில்லாமல் இருக்கிறது. இதன் பெயர் எஸ்என்ஐ. கடிதம் உறைக்குள்ளே, முகவரி உறைமேலே. இணைய நிறுவனத்தில் வைத்த, போக்குவரத்தைத் துருவிப் பார்க்கும் டிபிஐ பெட்டி அந்தப் பெயரைப் பார்த்ததும், எதிர்முனை அனுப்பியது போலவே ‘ரீசெட்’ என்ற பாக்கெட்டை (தரவுத் துண்டை) போலியாகச் செய்து இரு முனைக்கும் அனுப்பும். போன் இணைப்பைத் துண்டித்துக்கொள்ளும். பார்ப்பவருக்குத் தளமே பழுதானதாகத் தோன்றும். உறைமேல் பெயரையும் மறைக்கும் ஈஎஸ்என்ஐ என்ற முறை வந்தபோது, 2020இல் சீனா அந்த மாதிரி இணைப்புகளை மொத்தமாக அடைத்தது.

போக்குவரத்தைப் பூட்டி வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. விபிஎன்னுக்கும் முகச்சாயல் உண்டு. வயர்கார்டு என்ற விபிஎன் வகையில் இணைப்பின் முதல் பாக்கெட் எப்போதும் 148 பைட், பதில் 92 பைட். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே அளவை வைத்து அடையாளம் கண்டுவிடலாம்.

அதனால்தான், பார்ப்பவர் யார் என்பதை மறைக்கும் டார் நெட்வொர்க்கை நடத்தும் டார் திட்டத்தின் ‘ஸ்னோஃப்ளேக்’ எனக்கு முக்கியமாகப் படுகிறது. அது போக்குவரத்தை வீடியோ கால் போல வேடமிட்டு, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் பிரவுசர்கள் வழியாக அனுப்புகிறது. ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் எண்களைப் பட்டியலிட்டு அடைக்க முடிவதில்லை. கடலூரில் பிராட்பேண்ட் வைத்திருப்பவர் பிரவுசரில் அந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துத் திறந்து வைத்தாலே தெஹ்ரானில் ஒருவருக்கு வழி கிடைக்கும். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐபி தெரியாது; உங்கள் கணினி அவரை டார் நெட்வொர்க்கின் நுழைவாயிலான டார் பாலத்திடம் ஒப்படைப்பதோடு சரி. டேட்டா மட்டும் செலவாகும், எனவே அளவுள்ள மொபைல் பேக்கில் போடாதீர்கள்.

இவை எல்லாமே கம்பி உயிரோடு இருந்தால்தான். எகிப்து 2011 ஜனவரி 27 நள்ளிரவை ஒட்டி, தன் நெட்வொர்க்குகளுக்கு வழிசொல்லும் பிஜிபி அறிவிப்புகள் சுமார் 3,500ஐத் திரும்பப் பெற்றது. பிப்ரவரி 2 வரை நாடு கிட்டத்தட்ட இணைய வரைபடத்தில் இல்லை. அங்கே எந்த மென்பொருளும் உதவாது, சட்டம்தான் வேண்டும். இணையத்தை அடிக்கடி நிறுத்தும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதால் இது நமக்கும் சேர்த்துத்தான். காஷ்மீர் முடக்கம் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம், இணைய நிறுத்த உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்தக் கூடாது என்றது. பின்னர் விதிகளில் 15 நாள் உச்சவரம்பு வந்தது. உங்கள் ஊரில் மொபைல் இணையம் நின்றால் முதலில் கேட்க வேண்டியது அந்த உத்தரவின் நகலை. அது கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் எதிர்ப்பது எளிது.