கொழுந்து தாமதமாகத்தான் சொல்லும்

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. அந்த வருடம் இலங்கையின் தேயிலை உற்பத்தி குறையவில்லை. 2020இல் சுமார் 27.8 கோடி கிலோவாக இருந்தது, 2021இல் ஏறத்தாழ 29.9 கோடி கிலோவாகக் கூடியது. தடை நீங்கிய பிறகு வந்த 2022இல்தான் அது 25.1 கோடி கிலோவாக விழுந்தது. கால் நூற்றாண்டில் அவ்வளவு குறைந்ததில்லை.

இந்த எண்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உரத்தை நிறுத்தியதும் விளைச்சல் கூடியது, அனுமதித்ததும் விழுந்தது என்று ஒருவர் வாதாடலாம். எண்கள் அத்தனையும் சரி, வாதம் பிழை. அவர் கணக்கில் எடுக்காதது தாமதம்.

தேயிலையில் நாம் எடுப்பது இலை. ஒவ்வொரு கூடையோடும் மண்ணிலிருந்து நைதரசன் வெளியேறுகிறது. உரம் நின்ற அன்றே செடி பட்டினி கிடப்பதில்லை. மண்ணில் மிச்சமிருப்பதையும் வேரில் சேர்த்து வைத்த மாவுச்சத்தையும் செலவழித்துத் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும். கையிருப்பு கரையக் கரையத்தான் தேயிலை மலை பேசத் தொடங்கும். அந்த வருடம் தீபாவளி கழிந்து, தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் என் அம்மா சொன்னார்: “மல பாக்கப் பச்சையாத்தான் இருக்கு. கூடையில ஏற மாட்டேங்குது.”

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்துக்கு மேலே, ஊற்றடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. அங்கிருந்து கறுப்புக் குழாய் வழியாக, நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குத் தண்ணீர் வரும். மேலே வால்வைத் திறந்தால் கீழே வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரக்காரர் “இன்னும் வரல்லையே” என்று மேலும் திறந்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் பீலியடி முழுக்கச் சேறாகிவிடும். ஓடிப்போய் ஒரேயடியாக மூடுவார், அடுத்த லயத்துக்குச் சொட்டுத் தண்ணீரும் இராது. குழாயில் கோளாறில்லை, ஆளும் கெட்டவரில்லை. செயலுக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள நேரத்தை அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்த ஜே ஃபாரஸ்டர், ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் கென்டக்கித் தொழிற்சாலைகளில் இதையேதான் கண்டார். அங்கே ஒரு காலத்தில் ஆட்கள் இரவு பகலாக வேலை செய்தார்கள், இன்னொரு காலத்தில் பாதிப்பேருக்கு வேலையில்லை. சந்தையின் ஏற்ற இறக்கமே காரணம் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆளெடுப்பதிலும் இருப்பு வைப்பதிலும் அந்தத் தொழிற்சாலைகள் பின்பற்றிய விதிகளும் அவற்றிலிருந்த தாமதமுமே ஊசலாட்டத்தை உண்டாக்கப் போதும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். உறுப்புகளைத் தனித்தனியே பார்ப்பதோடு நில்லாமல், அவற்றுக்கிடையே என்ன ஓடுகிறது, எது சுற்றி வந்து தன்னையே தொடுகிறது, எவ்வளவு பிந்தி வருகிறது என்று பார்ப்பதைத்தான் தொகுதிச் சிந்தனை என்கிறோம். சுற்றி வந்து தொடுவதற்குப் பெயர் பின்னூட்டல்.

மலையகத்துத் தேயிலையே இதற்கு நல்ல பாடம் வைத்திருக்கிறது. இலைகளை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டித் தின்னும் ஒரு புழு தோட்டங்களை வாட்டியது. 1935-36இல் ஜாவாவிலிருந்து ஒரு சின்னஞ்சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் குளவி புழுவின் உடலுக்குள் முட்டையிடும், குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். குளவி மலைகளில் நிலைத்தது, இலைச்சுருட்டி அடங்கியது. யாரும் மருந்தடிக்கவில்லை, யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. வேலை தானாக நடந்ததால் அப்படியொரு வேலை நடக்கிறது என்பதே மறந்துபோகக்கூடிய நிலை.

இன்னொரு பக்கம், எள்ளளவு வண்டு ஒன்று தேயிலைக் கிளையைத் துளைத்து உள்ளே சுரங்கம் போட்டுக்கொண்டிருந்தது. அது மரத்தைத் தின்பதில்லை. சுரங்கச் சுவரில் பூஞ்சணம் வளர்த்து அதைத் தின்கிறது. துளை விழுந்த கிளை லேசாக வளைத்தாலே முறியும். 1950களிலும் 60களிலும் அதற்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். எளிதில் சிதையாத நஞ்சு அது. கிளைக்குள் ஒளிந்த வண்டுக்கு வைத்த குறி வெளியே பறந்த குளவியைச் சாய்த்தது. காவல் போனதும் இலைச்சுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. வண்டுக் கணக்கை எழுதிய ஏட்டில் குளவிக்கு ஒரு வரி இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது அதுதான்.

இன்று ஒன்றை இன்னொன்றோடு கட்டும் இழைகள் இன்னும் கூடிவிட்டன. யூரியா செய்ய இயற்கை எரிவாயு வேண்டும், ஆகவே எங்கோ எரிவாயு விலை ஏறினால் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டத்தில் உர மூட்டை விலை ஏறும். உர மூட்டைக்கு டாலர் வேண்டும், அந்த டாலரைக் கொண்டுவரும் பெரிய வழிகளில் ஒன்று தேயிலையே. டாலரை மிச்சம் பிடிக்க உரத்தை நிறுத்தினால், டாலர் கொண்டுவரும் செடியின் வாயைக் கட்டியதாகிறது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடும் எட்டாத உர விலையும் சேர்ந்து நெரித்தன என்பதையும் சொல்ல வேண்டும். சிக்கல் பெருகிய உலகில் ஒரு காரணம் தனியாக வருவதில்லை.

தேயிலை குறைந்ததோடு சங்கிலி நிற்கவில்லை. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபா ஆனது. ஆனால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம், விழக் குறித்த கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். உரமில்லாத மலையில் அந்தக் கிலோ வராது, அரைப் பேர்தான் விழும். அரைப் பேரோடு வீட்டை ஓட்ட முடியாதவர்கள் கொழும்புக்குக் கடை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். ஆள் குறைந்தால் ஏழு எட்டு நாளுக்கொருமுறை ஏற வேண்டிய மலைக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஏற முடியும். அதற்குள் கொழுந்து முற்றிவிடும். முற்றிய இலைக்குத் தரமும் விலையும் இல்லை. விலையில்லாத மலைக்கு நிர்வாகம் செலவழிக்காது, தண்ணீர் வடியும் கான் வெட்டாது, புல் வெட்டாது. புதர் ஏறிய மலையில் ஆளைக் கொட்டுகிற வேறு குளவிகளின் கூடு இருக்கும், பாம்பு இருக்கும். குளவிக் கொட்டுக்குப் பயந்து இன்னும் இரண்டு பேர் வேலையை விடுவார்கள். ஒவ்வொரு சுற்றும் அடுத்த சுற்றுக்கு உரம் போடுகிறது.

இவ்வளவும் அன்றாடம் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. எந்த நாளில் எந்த மலையில் யார் எத்தனை கிலோ எடுத்தார் என்று தராசடியில் எழுதுகிறார்கள். மாத முடிவில் அதைத் திறப்பது சம்பளக் கணக்குக்காக. ஆளை விட்டு மலையைப் பார்த்து, வாரா வாரம் ஒப்பிட்டு வாசித்தால், நாட்டின் உற்பத்தி எண் வருவதற்குப் பல மாதம் முன்பே ஒரு மலை களைக்கிறதென்று தெரிந்துவிடும். அம்மாவின் கூடை சொன்னதைத்தான் அந்த ஏடும் சொல்லியிருக்கும்.

பிறகு, அம்மா கொழுந்து எடுத்த மலைக்கு உரம் வந்தது. மூட்டைகள் லொறியிலிருந்து இறங்கிய அன்று அதைத் தூவ ஆள் போதவில்லை. கொழும்புக்குப் போனவர்களில் எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தவர் இரண்டே பேர். மலையின் மேல் பாதியில் இப்போது புல் ஆளுயரம் நிற்கிறது.