மவுத்கார்ட் வாங்கும்போது விலையைவிடத் தடிமனைப் பாருங்கள்

ஹாக்கிப் பந்தோ எதிராளியின் முழங்கையோ வாயில் பட்டால் பெரும்பாலும் உடைவது மேல்வரிசையின் நடு முன்பற்கள்தான். முன்னால் துருத்திய பற்கள் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். ஒரே பல்லில் இறங்கும் அடியை, மேல்பற்களில் மாட்டும் பிளாஸ்டிக் கவசமான மவுத்கார்ட் அமுங்கி வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பற்களுக்கும் பரப்பிவிடுகிறது. அமுங்குவதற்குத் தடிமன் வேண்டும்: முன்பற்களின் வெளிப்புறத்தில் சுமார் 3 மி.மீ., கடிக்கும் பரப்பில் 2 மி.மீ. வாயில் படிந்த பிறகும் இந்த அளவு மிஞ்ச வேண்டும். 4 மி.மீ.க்கு மேல் போனால் கூடுதல் பலன் சொற்பம். பேசவும் மூச்சு வாங்கவும் சிரமப்பட்டு பிள்ளைகள் கழற்றி வைத்துவிடுவார்கள்.

அப்படியே மாட்டும் ரெடிமேட் வகை வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். 'கபடி, கபடி' என்று பாடிச் செல்லும் ரைடருக்கு அது எதற்கு?

பலருக்கும் கட்டுப்படியாவது வெந்நீரில் இளக்கிக் கடிக்கும் வகை. கொதித்து இறக்கிய நீரில் உறையில் குறிப்பிட்டுள்ள நொடிகள் மட்டும் போடுங்கள். பல பிராண்டுகளில் அரை நிமிடத்தை ஒட்டியிருக்கும். கூடினால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். ஜல்லிக் கரண்டியால் எடுத்து, வாய் சுடாதிருக்க ஓரிரு நொடி குளிர்ந்த நீரில் முக்கி, கண்ணாடி பார்த்து மேல்பற்களில் நடுவாகப் பொருத்துங்கள். இலேசாகக் கடித்து, காற்றை உறிஞ்சி, உதட்டுக்கும் கன்னத்துக்கும் வெளியிலிருந்து விரலால் அரை நிமிடம் அழுத்த வேண்டும். இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள்: பலங்கொண்ட மட்டும் கடித்ததும் கடைவாய்ப் பகுதி காகிதமாக மெலிந்துவிடுகிறது. பிறகு குளிர்ந்த நீரில் போட்டு இறுக விடுங்கள். வாயை அகலத் திறந்தாலும் கழன்று விழக் கூடாது. குமட்டினால் பின்முனையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டலாம். முதல் பெரிய கடைவாய்ப்பல் வரையாவது மூடியிருக்கட்டும்.

பல் மருத்துவர் அச்செடுத்துச் செய்வதே பொருத்தத்தில் முதலிடம். ஆனால் ஒற்றைத் தகட்டைச் சூடாக்கி இழுத்துப் படியவைக்கையில் முன்பற்களின்மேல் அது பாதியாகக்கூட மெலியலாம். அடுக்கடுக்காக அழுத்திச் செய்தது கிடைக்குமா என்று கேளுங்கள்; முடிந்தபின் முன்பக்கத் தடிமனை அளந்து காட்டச் சொல்வதிலும் தவறில்லை.

6 முதல் 12 வயதுவரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். இன்று கச்சிதமாக இருப்பது சில மாதங்களில் பொருந்தாமல் போகும். அந்த வயதில் பெருஞ்செலவு செய்வதைவிட, மறுபடி இளக்கிப் படியவைக்கக்கூடியதை வாங்குவதே புத்திசாலித்தனம். பல்லுக்குக் கிளிப் போட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண இளக்கும் வகை ஆகாது: இளகிய பிளாஸ்டிக், கிளிப்பின் கம்பிக்குள் புகுந்து இறுகினால், கழற்றும்போது கிளிப்பும் கூடவே பெயர்ந்து வரலாம். அவர்களுக்கென்றே சிலிக்கானில் தனி வகை உண்டு.

விளையாடி முடித்ததும் குளிர்ந்த நீரில் சோப்பிட்டுக் கழுவி, துளையுள்ள டப்பாவில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் வடிவம் கெடும். ஓரம் நைந்தாலோ, கடித்த இடத்தில் ஓட்டை விழுந்தாலோ, தளர்ந்து ஆடினாலோ அடுத்த ஆட்டத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.