பழைய தெருவில் எதைக் காக்க வேண்டும்?

"கட்டடம் உறுதியாக இல்லை, இடித்துவிடுவதுதான் நல்லது." பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஆய்வுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்கிறேன். அதே தெருவில் இன்னொருவர், "இங்கே ஒரு செங்கல்லைக்கூட அசைக்க விடமாட்டோம்" என்பார். மரபுக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் நான் இரண்டாமவர் பக்கம்தான் நிற்பேன் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வளரும் நகரத்துக்கு வீடுகள் வேண்டும். நடுப்பகுதியைப் பூட்டிவைத்தால் வாடகை ஏறும். வசதியில்லாத குடும்பங்கள் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டு, தினமும் வேலைக்கு வந்துபோவதிலேயே ஓய்ந்துபோவார்கள்.

ஆனால் "உறுதியாக இல்லை" என்ற சொல்லை அப்படியே நம்பிவிடாதீர்கள். சுவரில் பூச்சு உப்பியிருக்கும், உப்பு பூத்திருக்கும், விரலால் தேய்த்தால் செங்கல் பொடியாக உதிரும். பார்த்ததும் பயம் வருவது இயல்பு. பெரும்பாலும் காரணம் கட்டடத்தின் வயது அல்ல, பிற்காலத்தில் பூசிய சிமெண்ட். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிறகு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உள்ளேயே தங்கி, சுவரில் செருகியிருக்கும் மர உத்தரத்தின் முனையை மட்கச் செய்கிறது. சிமெண்ட்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசி, கூரையில் நீர் ஒழுகும் இடத்தை அடைத்து, உத்தரத்தில் கெட்ட முனையை மட்டும் அறுத்துப் புதிய மரத்தைப் பொருத்தினால் பல வீடுகள் இன்னும் ஒரு தலைமுறைக்கு நிற்கும். ஆகவே இடிக்கச் சொல்பவரிடம் கேளுங்கள்: உத்தர முனைகளைத் திறந்து பார்த்தீர்களா? விரிசல் பழையதா, மாதத்துக்கு மாதம் அகலமாகிறதா? அஸ்திவாரம் இறங்கி, விரிசல் வளர்ந்துகொண்டே இருக்கும் வீடு என்றால் நானே இடிக்கத்தான் சொல்வேன்.

நெருக்கமாகக் குடியிருக்க வானளாவிய கட்டடம் வேண்டும் என்பதும் தவறான எண்ணம். பாரிஸ் நகரில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 பேர் வசிக்கிறார்கள். அங்குள்ள குடியிருப்புகளில் பெரும்பாலானவை ஆறேழு மாடிகளைத் தாண்டாதவை. பழைய தெருக்களிலும் இடம் இருக்கிறது: காலி மனை, பயனற்ற கிடங்கு, ஒருவர் மட்டும் வசிக்கும் பெரிய வீடு, தெருவிலிருந்து தெரியாத பின்கட்டு. முகப்பையும் முன்பகுதியையும் விட்டுவிட்டுப் பின்னால் இரண்டு மாடி ஏற்றலாம். பல நகரங்களில் இதற்குத் தடையாக நிற்பது மரபு விதி அல்ல, கார் நிறுத்துமிட விதி. சின்ன மனையிலும் இத்தனை கார்களுக்கு இடம் விட வேண்டும் என்றால் அங்கே எதையும் கட்ட முடியாது. அதனால்தான் நான்கைந்து மனைகளை வாங்கி ஒன்றாக்குகிறார்கள். நான்கைந்து வாசல்கள் இருந்த இடத்தில் ஒரு நீளச் சுவரும் ஒரு கேட்டும் மட்டும் மிஞ்சும். உயரத்தைவிட இதுதான் தெருவைக் கொல்கிறது. அதனால் மனை அகலத்தைக் காக்கும் விதியைத்தான் நான் முதலில் கேட்பேன்.

காப்பதற்காகக் கட்டத் தடை விதித்தால் உரிமையாளருக்கு வரும் இழப்பை எதைக் கொண்டு ஈடுகட்டுவது? நியூயார்க்கில் 1963 இல் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கியபோது எழுந்த கொதிப்பு, 1965 இல் மரபுச் சின்னங்களுக்கான சட்டம் வரத் துணைசெய்தது. அதே நகரின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் மீது கோபுரம் கட்ட, அந்தச் சட்டத்தின்படி நகரம் அனுமதி மறுத்தது செல்லும் என்று 1978 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே கட்ட முடியாத தளப்பரப்பை அருகிலுள்ள மனைகளுக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்ததையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தக் கூடுதல் பரப்பு போய்ச் சேரும் இடத்தில் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் தாங்குமா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

கட்டடத்தைக் காத்துவிட்டு, குடியிருந்தவர்களைத் துரத்திவிடுவதும் நடக்கிறது. பழுதுபார்த்த வீட்டுக்கு மதிப்பு ஏறும், வாடகைக்காரர் வெளியேறுவார். இத்தாலியின் போலோன்யா நகரம் 1970களில் பொது வீட்டுவசதிக்கான பணத்தைப் பழைய நகரப் பகுதியின் எளிய வீடுகளைப் புதுப்பிக்கச் செலவிட்டது. அங்கிருந்தவர்கள் அங்கேயே தொடர வேண்டும் என்பதே அதன் நோக்கம். இந்த அக்கறை இல்லாத பாதுகாப்புத் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்கள் தெருவில் பக்கத்து மனையில் தோண்டப்போகிறார்கள் என்றால் ஒன்றைத் தவறாமல் செய்யுங்கள். பழைய வீடுகளின் அஸ்திவாரம் ஆழமற்றது. அருகில் ஆழமாகத் தோண்டி நிலத்தடி நீரை இறைத்தால் மண் இறங்கி, நன்றாக இருந்த சுவரும் பிளக்கும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டில் உள்ள ஒவ்வொரு விரிசலையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து, தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுபவரின் பொறியாளரிடம் அதில் கையெழுத்து வாங்குங்கள். குழியின் பக்கச் சுவர்களை எப்படித் தாங்கப்போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.