பச்சையாகத் தெரிவதெல்லாம் பார்க் இல்லை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். ஒரு நவம்பர் கடைசியில் பழுப்பு நிற லாப்ரடார் ஒன்று வந்தது. முன்னங்கால் முள்கம்பியில் கிழிந்திருந்தது. மலைப்பாதையில் நடக்கப் போன இடத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு மிரண்டு ஓடியிருக்கிறது. நான் தையல் போடும்போது நாயை வளர்ப்பவர் தமிழில் கேட்டார்: "அரசாங்க இடம்தானே டாக்டர், இங்கே எப்படிச் சுடலாம்?"

நியாயமான கேள்விதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இந்தியாவில் வளர்ந்த நமக்கு வேட்டை என்றாலே ஜெயில். ஆனால் அவர்கள் போனது ஸ்டேட் கேம் லேண்ட்ஸ், அதாவது வனவிலங்குக்கும் வேட்டைக்கும் என்று மாநிலம் வைத்திருக்கும் நிலம். போன் மேப்பில் பார்க் மாதிரியே பச்சையாகத் தெரியும். 15 லட்சம் ஏக்கர் வரும் இந்த நிலங்களைப் பெரும்பாலும் வேட்டை லைசென்ஸ் பணத்தில் வாங்கினார்கள். நடக்க நமக்கும் அனுமதி உண்டு, ஆனால் அங்கே நாம் விருந்தாளி. (ஸ்டேட் பார்க் என்றாலும் நிம்மதியாகிவிட வேண்டாம். பல பார்க்குகளில் வேட்டைக்கு விட்ட பகுதி உண்டு.)

தேங்க்ஸ்கிவிங் (நவம்பர் நான்காம் வியாழனில் வரும் விடுமுறை) முடிந்து வரும் சனிக்கிழமைதான் துப்பாக்கி மான் சீசன் தொடங்கும். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களோடு, சாப்பிட்டது செரிக்கட்டும் என்று நாம் காட்டுக்குக் கிளம்புவதும் அன்றுதான்! "ஞாயிற்றுக்கிழமையில் போனால் பயமில்லை" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். 2025-ல் ஞாயிறு வேட்டைக்கான தடையை எடுத்துவிட்டார்கள். அந்த யோசனை இனி உதவாது.

நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை கேம் லேண்ட்ஸில் நடப்பவர்களும் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு அணிய வேண்டும் என்பது விதி. ஒரு தொப்பியும் வெஸ்ட்டும் போதும். மானுக்கு ஆரஞ்சு நிறம் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. மனிதக் கண்ணுக்குத் தூரத்திலேயே தெரியும். வெள்ளை மஃப்ளர், வெள்ளைத் தொப்பி வேண்டவே வேண்டாம். இங்குள்ள மான் மிரண்டால் வாலைத் தூக்கும், அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று தெரியும். வேட்டைக்காரர் கண் தேடுவது அதைத்தான். சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களில் மான் நடமாட்டம் அதிகம், வெளிச்சம் குறைவு. அப்போது போகாதீர்கள்.

நாய்க்கும் ஆரஞ்சு வெஸ்ட் போடுங்கள், கயிற்றை விடாதீர்கள். சத்தத்துக்கு ஓடுவது ஒன்று, இன்னொன்று குடல். சுட்ட மானின் குடலைக் காட்டிலேயே எடுத்துப் போட்டுவிட்டு வருவார்கள், நாய்க்கு அது பெரிய விருந்து. அதில் ஈயத் தோட்டாவின் துணுக்குகள் கிடக்கலாம். காட்டுக்குப் போய்வந்த நாய் வாந்தியெடுத்தால், சோர்ந்து படுத்தால், எங்கே போனீர்கள் என்பதை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். எக்ஸ்ரேயும் ரத்தத்தில் ஈய அளவும் பார்க்கத் தோன்றுவது அப்போதுதான்.