டிப்ரஷன்: மனவழுத்தமா, மனச்சோர்வா?

கொழும்பில் ஒரு பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில் கொடுத்த துண்டுப்பிரசுரத்திலும் டிப்ரஷனுக்கு ‘மனவழுத்தம்’ என்றே போட்டிருக்கிறார்கள். இலத்தீன் வேருக்குக் ‘கீழே அழுத்துதல்’ என்று பொருள். அங்கிருந்து வந்த பெயர்ப்பு இது. அதே ஆங்கிலச் சொல் வங்காள விரிகுடாவில் உருவானால் நம் வானிலை அறிக்கை ‘தாழமுக்கம்’ என்கிறது. காற்றுக்கு அது சரி, மனதுக்குச் சரிவராது.

மனவழுத்தம் என்றதும் நமக்கு நினைவு வருவது ஸ்ட்ரெஸ். உயர்தரப் பரீட்சை, ரியூசன், வீட்டுக் கடன் என்று அதற்கு வெளியே ஒரு காரணம் இருக்கும். காரணம் விலகினால் அதுவும் விலகும். “சோதனை முடியட்டும், பிள்ளை சரியாகிவிடும்” என்று வெள்ளவத்தையில் ஒரு தாய் பொறுத்திருந்தால், அவரைப் பொறுத்திருக்கச் சொன்னது அந்தச் சொல்தான். டிப்ரஷனை நெருக்கடி தூண்டலாம். ஆனால் நல்ல பெறுபேறு வந்த பிறகும் அது போகாமல் நிற்கும், காரணம் எதுவும் தெரியாமலும் வரும். ஸ்ட்ரெஸ்ஸுக்கு ‘உளநெருக்கீடு’ என்ற சொல் இங்கே ஏற்கெனவே புழங்குகிறது. அப்புறம் ஏன் இரண்டு நிலைகளையும் ஒரே சொல்லில் திணிக்க வேண்டும்?

‘மனச்சோர்வு’தான் பொருத்தம். சோர்தல் என்றால் தளர்தல், வாடுதல். சோர்வு என்பது வெறும் களைப்புப் போல இலேசாக ஒலிக்கிறது என்பார்கள். சரி, ‘நீடித்த மனச்சோர்வு’ என்று எழுதுங்கள். மருத்துவர்களும் இரண்டு வாரமாவது, அநேகமாக ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதி நீடிப்பதைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். இளையவர்களிடம் இது சோகமாகத் தெரியாமல் எரிச்சலாகவும் வெளிப்படும் என்பதைப் பக்கத்திலேயே விளக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, கிரிக்கெட்டோ பாட்டோ பிடித்தது எல்லாம் கசந்துபோவது, இரவில் உறங்காமல் கிடப்பது, நண்பர்களிடமிருந்து ஒதுங்குவது எல்லாம் அடையாளங்கள். “நான் உங்களுக்குப் பாரம்”, “நான் இல்லாவிட்டால் நல்லது” என்று பேசினாலோ, ஆசையாய் வைத்திருந்த பொருட்களைப் பிறருக்குக் கொடுத்தாலோ, விடைபெறுவது போலச் செய்தி அனுப்பினாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நமது செய்தித்தளங்களின் ‘தவறான முடிவெடுத்து உயிரை மாய்த்தார்’ இன்னும் மோசம். நோயால் தவித்த பிள்ளைமேல் அது பழியைப் போடுகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தையே இலங்கை 1998இல் நீக்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளரும் செய்தி எழுதுபவரும் மட்டும் இன்னும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி எழுதினால், அந்த நினைப்போடு இருக்கும் பிள்ளை யாரிடம் வாய் திறக்கும்?

ஆகவே நாமே கேட்க வேண்டும். “சாக வேண்டும் போல இருக்கிறதா?” என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஆம் என்றால் பிள்ளையைத் தனியே விடாமல் கூடவே இருந்து, 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது, இரவிலும் எடுப்பார்கள்.